அறிக்கையில் அவர் பெயர் டாலி

ஹெப்பிள்டன் நகரசபையின் எல்லைக்குள் ஒரு பெண் தம் வீட்டிலேயே, தம் கணவர் கையாலேயே இறந்துபோனால், அவர் எப்படி இறந்தார் என்று ஆராய்வதற்கு முன்பாக அவருக்கு வேறொரு பெயர் வைக்கப்படும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, முறை அப்படி. இறந்தவரின் அந்தரங்கத்தைக் காப்பதில் எங்கள் நகரசபை மிகுந்த அக்கறை கொண்டது. உயிரோடிருந்தபோது காக்க முடியாமற்போனவற்றுக்கும் சேர்த்தே அது காக்கிறதோ என்று எனக்குச் சில சமயம் தோன்றியதுண்டு. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை.

மரண மறுஆய்வுக் குழுவில் ஆறு ஆண்டுகள் நான் கூட்டக் குறிப்பு எழுதினேன். இத்தகைய மரணம் ஒன்று நிகழ்ந்தால், காவல்துறையும் வீட்டுவசதித் துறையும் மருத்துவத் துறையும் மூன்றாம் மாடி அறையில் கூடி, இறந்தவருக்குத் தாங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று எழுதி வாசிப்பார்கள். அதிலிருந்து பாடங்கள் கற்கப்படும். பாடங்கள் பரிந்துரைகளாகும். பரிந்துரைகளுக்கு, தொடங்காதவை சிவப்பு, பாதியில் நிற்பவை மஞ்சள், முடிந்தவை பச்சை என்று நிறம் தீட்டப்படும். ‘யார்மீதும் குற்றம் சுமத்துவது இக்குழுவின் நோக்கமன்று’ என்பது ஒவ்வோர் அறிக்கையின் முதற்பக்கத்திலும் தடித்த எழுத்தில் இருக்கும். நான் இருந்த ஆறு ஆண்டுகளிலும் அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியது என்பதைப் பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கெய்னர் ட்ரான்டர் என்பவருக்கு நாற்பத்தேழு வயது. மில் ரோடு பள்ளியின் சமையலறையில் வேலை. அக்டோபர் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, அவருடைய கணவர் க்ளின் அவரைக் கொன்றார். வழக்கு நடந்து, க்ளினுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபின் எங்கள் குழு கூடியது. அதற்குள் உள்ளூர்ச் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் மூன்று முறை கெய்னரின் படமும் பெயரும் வந்துவிட்டிருந்தன. ஆகவே அவருடைய அடையாளம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வது அவசியமாயிற்று. அறிக்கையில் அவர் ‘டாலி’ ஆனார்.

குழுவின் தலைவர் திரு. நைஜல் ஃபெராபி, காவல்துறையில் உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். எவர் பேசினாலும் கண்களை மூடித் தலையசைத்துக் கேட்பார். முதலில் காவல்துறைப் பிரதிநிதி வாசித்தார்.

“டாலி எங்களை ஆறு தடவை கூப்பிட்டிருக்காங்க. ஆறு தடவையும் போயிருக்கோம். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளைத்தான் அனுப்பினோம். முன்னாடி என்ன நடந்துச்சுங்கிறது மனசுல இல்லாம, புதுக் கண்ணோட பாக்கணும்ங்கிறது எங்க கொள்கை.”

“அருமை,” என்றார் தலைவர். “இதை நற்செயல்னு குறிச்சுக்கங்க.”

குறித்துக்கொண்டேன்.

மருத்துவத் துறைப் பிரதிநிதி ஒரு செவிலியர். கொஞ்சம் சங்கடப்படும் சுபாவம். “பதினொரு தடவை வந்திருக்காங்க. பதினொரு தடவையும் சிகரெட் பிடிக்கிறீங்களான்னு கேட்டிருக்கோம்.”

“என்ன சொன்னாங்க?”

“பிடிக்கலைன்னு.”

“காயங்களைப் பத்தி ஏதாவது கேட்டோமா?”

“அந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்க.”

படிவத்தில் கட்டம் இல்லாமை ஒரு பாடமாக ஏற்கப்பட்டது.

வீட்டுவசதித் துறையின் மேலாளர் திருமதி அலிசன் க்ரெஸ்வெல் கடைசியாக வாசித்தார். அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, டாலி தரைத்தளத்தில் உள்ள வீட்டுவசதி முகப்பு மேசைக்கு வந்திருக்கிறார். கதவின் பூட்டை மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு வீடு தர வேண்டும், கணவருக்குத் தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறார். அது நகரசபையின் வாடகை வீடு; கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது. விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே இருவர் பெயரையும் உறையில் எழுதி, படிவம் வீட்டுக்குத் தபாலில் அனுப்பப்பட்டது.

“ரெண்டு வேலை நாளுக்குள்ள பதில் போடணும்கிறது எங்க விதி,” என்றார் அலிசன். “நாங்க வெள்ளிக்கிழமையே போட்டுட்டோம். ஒரே நாள்.”

யாரோ பிஸ்கட் தட்டைத் தள்ளிவைத்தார்கள். பிறகு இது பற்றி விவாதித்து, கீழ்க்கண்ட வாசகம் ஒருமனதாக ஏற்கப்பட்டது: ‘கடிதம் சனிக்கிழமை வந்தது. டாலி சனிக்கிழமை இறந்தார். இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது இக்குழுவின் வரம்புக்கு உட்பட்டதன்று.’ முதற்பரிந்துரை: ஆபத்தில் உள்ளவருக்கு எழுதும் கடிதங்களைப் பாதுகாப்பான முகவரிக்கே அனுப்புதல் நலம். மேலும், டாலி கேட்டிருந்த பூட்டு அவர் இறந்த மூன்றாம் நாள் மாற்றப்பட்டுவிட்டதால், அது நற்செயல் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆறாவது கூட்டத்துக்குக் கெய்னரின் அக்காள் மேக்சின் அழைக்கப்பட்டார். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது இனம், ‘குடும்பத்தின் குரல்’, பதினைந்து நிமிடங்கள். ஆறாவது இனம் வாகன நிறுத்துமிடம் பற்றியது. அது நீண்டுவிட்டபடியால் அவர் வெளியில் காத்திருக்க நேர்ந்தது. முப்பத்தாறாம் எண் பேருந்தின் ஓட்டுநர் அவர். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவில் சீருடையோடு வந்திருந்தார்.

“வாங்க, உக்காருங்க. உங்களை மேக்சின்னு கூப்பிடலாமா?” என்று கனிவோடு கேட்டார் தலைவர்.

“கூப்பிடுங்க.”

அறிக்கையின் வரைவை அவரிடம் கொடுத்தோம். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. ஓர் ஊழியரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த ஊழியர் நான். அவர் முதற்பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் படித்தார். விரலை ஓரிடத்தில் வைத்து அழுத்தினார்.

“யாரு இந்த டாலி?”

“அது உங்க தங்கச்சிதாங்க,” என்றார் அலிசன். “அடையாளம் தெரியக் கூடாதுன்னு ஒரு மாற்றுப்பெயர்...”

“இந்தப் பேரை யாரு வச்சது?”

“குடும்பத்தோட கருத்தைக் கேட்டுத்தான் வச்சோம்,” என்றார் தலைவர். “அதுல மட்டும் நாங்க ரொம்பக் கறார்.”

“குடும்பம்னா நான்தான். எங்கம்மா போய்ச் சேந்து ஒம்பது வருஷமாச்சு. என்கிட்ட யாரு கேட்டா?”

அலிசன் கோப்பைத் திறந்தார். இரண்டு கடிதங்கள் அனுப்பப்பட்டிருந்தன. ஒன்று, ‘இறந்தவரின் குடும்பத்தார்’ என்று விலாசமிட்டு, இறந்தவரின் வீட்டுக்கு.

“அந்த வீட்டுலயா? அங்க யாரு இருக்கா? நீங்கதான் பலகை அடிச்சுப் பூட்டிட்டீங்களே!”

“ஆமாங்க. இருபத்தெட்டு நாள் பாத்தோம், பதில் வரல. அதனால உங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்கிட்டோம்.”

“இன்னொண்ணு யாருக்குப் போச்சு?”

“நெருங்கிய உறவினருக்கு.”

“யாரு அது?”

அலிசன் தலைவரைப் பார்த்தார். “சட்டப்படி பாத்தா... கணவர்.”

திரு. ஃபெராபி கண்களைத் திறந்தார். “அவர் பத்தே நாள்ல பதில் அனுப்பிட்டார், மேக்சின். கறுப்பு மையில, பெரிய எழுத்துல. சும்மா சொல்லக் கூடாது, இவ்வளவு சுத்தமா பூர்த்தி பண்ணின படிவம் எங்களுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. நாங்க அஞ்சு பூப்பெயர் குடுத்திருந்தோம். அவர் அதுல எதையும் எடுத்துக்கல. ‘வேறு’ன்னு ஒரு கோடு இருக்கும், அதுல டாலின்னு எழுதியிருந்தார். தனிப்பட்ட அக்கறை தெரியுதுன்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம்.”

மேக்சின் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து நான் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் சத்தம் போடவில்லை.

“அவன் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். கல்யாணம் ஆன மறுவாரத்துல இருந்து. டாலின்னு கூப்பிட்டா, கையில இருக்கிறதைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு நிக்கணும் அவ. எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல கூப்பிட்டான். முள்கரண்டியை வச்சுட்டு எந்திரிச்சு நின்னா. நாங்கெல்லாம் சிரிச்சோம். ஏதோ விளையாட்டுன்னு நெனச்சு, நானும் சிரிச்சேன்.” அவர் வரைவை மூடினார். “என்னை நீங்க எந்தப் பேர் சொல்லி வேணும்னாலும் கூப்பிடுங்க. அவளைக் கெய்னர்னு கூப்பிடுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அது ஒண்ணு போதும்.”

“உங்க உணர்வு புரியுது,” என்றார் தலைவர். “ஆனா உண்மையான பேரைப் போட்டா அவங்க யாருன்னு தெரிஞ்சுபோயிடும்.”

“யாருக்கு? பேப்பர்ல மூணு தடவை அவ மூஞ்சி வந்துச்சு. என் பஸ்ல ஏறுற அத்தனை பேருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சிருக்கலாம். எங்க மூலமா தெரிஞ்சதா இருக்கக் கூடாது, பாருங்க.”

“சரி. அந்த அஞ்சு பூவுல ஒண்ணையாவது வைங்க. இவன் வச்ச பேரு வேண்டாம்.”

இந்த இடத்தில் குழு உண்மையிலேயே தீவிரமாக ஆலோசித்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஒருவர் முறைப்படி தெரிவு செய்த பெயரை அவருடைய இசைவின்றி மாற்றினால், அவரைக் கலந்தாலோசிக்கவில்லை என்றாகிவிடும். எனவே பெயர் மாற்றத்துக்கு இசைவு கேட்டுக் க்ளின் ட்ரான்டருக்குச் சிறைக்கு எழுதுவது என்று முடிவாயிற்று. பதினைந்து நிமிடங்கள் முடிந்தன. மேக்சின் பேருந்தை எடுக்கப் போனார்.

அடுத்த கூட்டத்தில் பதில் வாசிக்கப்பட்டது: ‘என் மறைந்த மனைவியின் நினைவுக்கு மதிப்பளித்து, அப்பெயரே நீடிக்க வேண்டுமென விரும்புகிறேன்.’

“நல்லா யோசிச்சு எழுதியிருக்கார்,” என்றார் தலைவர்.

குழுவில் இரக்கமற்றவர்கள் எவரும் இல்லை. அறிக்கையின் தொடக்கத்தில் குடும்பத்தாரின் அஞ்சலியாக முந்நூறு சொற்கள் சேர்க்கலாம் என்று அவர்களே முன்வந்து சொன்னார்கள். மேக்சின் ஒரு கோடிட்ட தாளில் எழுதி அனுப்பினார். ‘எங்கள் கெய்னர் ஐந்து வயதிலேயே எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்’ என்று அது தொடங்கியது. அறிக்கை முழுவதும் பெயர் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதால், அஞ்சலியிலும் அதைத் திருத்தும்படி நான் பணிக்கப்பட்டேன். ஒன்பது இடங்களில் திருத்தினேன். ‘எங்கள் டாலி ஐந்து வயதிலேயே’ என்று தட்டச்சு செய்து, பிழை பார்த்து, ஒரு பிரதியை மேக்சினுக்கு அனுப்பினேன். இந்த முறை முகவரி சரியாக இருந்தது.

நான் வீட்டுக்குப் போவதும் முப்பத்தாறாம் எண் பேருந்தில்தான். இரண்டு நாள் கழித்து ஏறியபோது ஓட்டுநர் இருக்கையில் அவர் இருந்தார்.

“நீதானே அங்க உக்காந்து எழுதுறது?”

“ஆமாங்க.”

“என் கடிதத்துல பேரை மாத்தினது யாரு?”

‘அது குழுவின் கூட்டு முடிவு’ என்ற வாசகம் என்னிடம் எப்போதும் தயாராக இருக்கும். அது ஏனோ வரவில்லை. “நான்தாங்க,” என்றேன்.

“ஒம்பது எடத்துல மாத்தியிருக்க. எண்ணிப் பாத்தேன்.”

“ஆமாங்க.”

“கை நடுங்கலையா?”

நடுங்கியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நடுங்கவில்லை. எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்றுதான் அப்போது கவலைப்பட்டேன். அதை அவரிடம் சொன்னேன்.

எனக்குப் பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். மேக்சின் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தார். “போய் உக்காரு கண்ணு,” என்றார். “வண்டி எடுக்கணும்.”

மறுநாள் காலை, அறிக்கையின் இறுதி வடிவம் என் கணினியில் இருந்தது. தலைவரும் துறைத் தலைவர்களும் கையெழுத்திட்ட பின் அது லண்டனில் உள்ள தர ஆய்வுக் குழுவுக்குப் போகும். ‘டாலி’ என்பதற்குப் பதிலாகக் ‘கெய்னர்’ என்று மாற்றும்படி கணினியைக் கேட்டேன். இருநூற்றுப் பதினான்கு இடங்கள். நான்கு நொடி பிடித்தது. தைரியத்தில் செய்தேன் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தலைவர் வாசிப்பார், கண்டுபிடிப்பார், தட்டச்சுப் பிழை என்று மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்ற நம்பிக்கைதான். அரைநாளாவது அவர் பெயர் அதில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

‘ஒவ்வொரு சொல்லையும் வாசித்து நிறைவடைந்தேன்’ என்ற வரியின் கீழ்த் திரு. ஃபெராபி கையெழுத்திட்டார். காவல்துறைத் தலைவர் கையெழுத்திட்டார். திருமதி க்ரெஸ்வெல் கையெழுத்திட்டு, தேதியும் போட்டார். ஐந்து மாதங்களுக்குப் பிறகு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. ‘மிகுந்த துயரத்தோடு இவ்வறிக்கையை வாசித்தோம். குறிப்பாக, இறந்தவரின் அடையாளம் வெளிப்படாதவாறு தாங்கள் எடுத்துக்கொண்ட கவனம் பிற நகரசபைகளுக்கும் முன்மாதிரியாகும்.’

அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை மாலை நகரசபையின் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. திங்கட்கிழமை தலைவர் தொலைபேசியில் அழைத்தார். அறிக்கையில் ஒரு பெரிய தவறு நேர்ந்துவிட்டதாகச் சொன்னார். தட்டச்சுப் பிழை என்று சொல்ல வாயெடுத்தேன். காவல்துறைச் சின்னம் மருத்துவத் துறைச் சின்னத்தைவிடச் சிறிதாக இருப்பதாகக் காவல்துறையினர் வருத்தப்படுகிறார்களாம். சரிசெய்தேன்.

மூன்று வாரங்களில் அந்த அறிக்கை ஆறு முறை திறக்கப்பட்டிருந்தது. ஐந்து முறை திறந்தது நான். ஆறாவது முறை யார் என்பது அன்று மதியம் தொலைபேசி ஒலித்தபோது தெரிந்தது.

“கண்ணு, எல்லா எடத்துலயும் கெய்னர்னு இருக்கே!” மேக்சினின் குரல் அவருடையது போலவே இல்லை. “அவங்க மனசு மாறிட்டாங்களா?”

“இல்லீங்க. யாரும் படிக்கல.”

“கையெழுத்துப் போட்டவங்க?”

“அவங்களும் படிக்கல.”

“லண்டன்ல?”

“அவங்க பாராட்டியிருக்காங்க.”

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அது நெடுநேரம் நீடிக்கவில்லை.

“இப்போ யாராவது படிச்சுட்டா என்ன ஆகும்?”

“உடனே எடுத்துடுவாங்க. திரும்ப டாலின்னு மாத்திப் போடுவாங்க.”

“அப்போ யாரும் படிக்காத வரைக்கும் அவ பேரு இருக்கும்.”

“ஆமாங்க.”

“யாரும் படிக்கலைன்னா, அந்தக் கடிதம் வீட்டுக்குப் போனதும் யாருக்கும் தெரியாது.”

அவருக்குப் பின்னால் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

“அவ முகப்புக்கு வந்த வியாழக்கிழமை எந்தப் பக்கத்துல இருக்கு?”

“முப்பத்தொண்ணு.”

ஒழுங்கு கருதி, பிற்பாடு நேர்ந்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிக்கையைப் பொதுமக்களில் ஒருவர் வாசித்துவிட்டார் என்ற தகவல் மூன்றாம் மாடியை எட்டிய நாற்பதாம் நிமிடத்தில் அது இணையதளத்திலிருந்து அகற்றப்பட்டது. எங்கள் நகரசபை அத்தனை விரைவாக எதையும் செய்து நான் கண்டதில்லை. அவசரக் கூட்டம் கூடியது. நான்தான் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன். இப்போது வாகன நிறுத்துமிடக் குழுவுக்குக் குறிப்பு எழுதுகிறேன். இணையதளத்தில் இன்று இருக்கும் அறிக்கையில் அவர் பெயர் டாலி. முதற்பரிந்துரையின் நிறம் இன்னும் மஞ்சள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு, தாம் வருவதாக மேக்சின் தொலைபேசியில் சொல்லியிருந்த புதன்கிழமை, உணவு இடைவேளையில், நான் தரைத்தளத்துக்கு இறங்கிப் போய்த் துண்டுப்பிரசுரங்கள் அடுக்கிய தட்டின் பக்கத்தில் நின்றேன். வீட்டுவசதி முகப்பில் எட்டு ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். மேக்சினும் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும், நூலகத்தில் அச்செடுத்த ஒரே ஒரு தாளை மேசைமேல் வைத்தார்.

“இதைப் படி கண்ணு. சத்தமா.”

முகப்பில் இருந்த இளம்பெண் தாளைத் திருப்பிப் பார்த்தாள். “என்னங்க இது?”

“உங்க ஆபீஸ் போட்டதுதான். உனக்கும் வந்திருக்குமே.”

“வந்திருக்கும்ங்க. தெனமும் நெறைய வருது.” அவள் வாசிக்கத் தொடங்கினாள். “‘ஒன்பதாம் தேதி வியாழக்கிழமை கெய்னர் முகப்புக்கு வந்தார். பூட்டை மாற்றித் தரும்படி கேட்டார். கணவருக்குத் தெரியக் கூடாது என்றார். வெள்ளிக்கிழமை இருவர் பெயருக்கும் வீட்டு முகவரிக்கு...’” அவள் குரல் தாழ்ந்தது. “‘கடிதம் சனிக்கிழமை வந்தது. கெய்னர் சனிக்கிழமை இறந்தார்.’”

“கெய்னரா?” என்றார் வரிசையில் இருந்த ஒரு கிழவர். “மில் ரோடு பள்ளிக்கூடத்துக் கெய்னரா?”

“எனக்கு எப்பவும் ரெண்டாவது தடவை கஸ்டர்ட் ஊத்துவாங்க,” என்றான் சாயம் பட்ட கால்சட்டை அணிந்த ஓர் இளைஞன். “யாருக்கும் தெரியாம, கண்ணைச் சிமிட்டிட்டு.”

“அவதான்,” என்றார் மேக்சின். “என் தங்கச்சி.”

வரிசையின் கடைசியில் நின்றிருந்த ஒரு பெண் முன்னால் வந்தார். எங்கள் ஊரில் வரிசை மீறுவதைப் போன்ற குற்றம் வேறில்லை. அன்று எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகப்பில் இருந்த பெண்ணிடம் மட்டும் கேட்கும்படி குனிந்து பேசினார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

“மன்னிச்சுக்கங்க. நேத்து வந்து ஒரு படிவம் கேட்டிருந்தேன். அது... எங்க வீட்டுக்குத் தபால்ல போயிடுச்சா?”

முகப்பில் இருந்த பெண் அவரையே பார்த்தாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, தபால் அறையை நோக்கி ஓடினாள். நகரசபைக் கட்டடத்துக்குள் ஒருவர் ஓடி நான் பார்த்தது அதுவே முதல் முறை.